உப்புக்கொத்தியின் பெயரில் ஒரு பிரெஞ்சுக்காரர்

மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் நிறைய உண்டு. அங்கே வேலை செய்பவர்கள், குஞ்சு வாங்க வரும் பண்ணைக்காரர்கள், தீவன வியாபாரிகள், ஐஸ் பெட்டி ஏற்றும் லாரிக்காரர்கள் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் 'வனாமி'. 2009-இல் அரசு அனுமதியோடு இந்தியாவுக்கு வந்த இந்த இறால், அதற்கு முன் பண்ணைகளில் கோலோச்சிய வரி இறாலைச் சில ஆண்டுகளிலேயே பின்னுக்குத் தள்ளிவிட்டது. வனாமி என்பது தாய்லாந்துச் சொல்லோ, வியட்நாமில் ஏதோ ஓர் ஊரோ என்று நினைக்கத் தோன்றும். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

அவர் வில்லார்ட் கிப்ஸ் வான் நேம். 1872-இல் பிறந்து 1959-இல் மறைந்த அமெரிக்க விலங்கியலாளர். நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். அவருடைய ஆராய்ச்சி பெரும்பாலும் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கடற்குடுவைகளைப் பற்றியது. 1931-இல் பேர்ல் லீ பூன் என்ற ஆய்வாளர் பனாமா வளைகுடாப் பகுதியின் இறால்களை விவரித்தபோது, புதிய இனம் ஒன்றுக்கு 'பெனேயஸ் வன்னாமெய்' என்று பெயரிட்டார். மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரையின் இறால் அது. வான் நேம் பறவைகளைக் காப்பதற்காக ஓயாமல் எழுதியவரும்கூட. 1929-இல் அவரும் இரு நண்பர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒரு சிறு வெளியீடு அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு இயக்கத்தையே உலுக்கியது. அப்படிப்பட்டவரின் பெயர், வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஒரு தமிழ்க் கடற்கரையில் இறாலின் விலையோடு சேர்ந்து நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது.

உயிரினங்களின் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல் பெரும்பாலும் நிறத்தையோ வடிவத்தையோ ஊரையோ குறிக்கும். அது ஒரு மனிதரைக் குறித்தால் ஈற்றில் தெரிந்துவிடும். ஆணின் பெயரோடு 'இ', பெண்ணின் பெயரோடு 'ஏ', பலரைச் சேர்த்துச் சொன்னால் 'ஓரம்' சேரும். 'இன்னாருடைய' என்று பொருள். இந்த ஈற்றைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி: யார் அந்த இன்னார்? அதற்கு விடை தேடும் வேலைக்கு மரக்காணம் நல்ல இடம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கழுவெளி ஏரி, நடுவே இடையன்திட்டு முகத்துவாரம். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட கழுவெளியிலும் அதைச் சுற்றியும் வாழ்கிற, வந்து போகிற உயிர்களின் பெயர்ப் பட்டியலில் மருத்துவர்கள், எஃகு உற்பத்தியாளர், நாடு கடத்தப்பட்ட போராளி, மருந்துக்கடை ஊழியர் எனப் பலதரப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் மரக்காணத்துக்கு மிக நெருக்கமானவர் ஒருவர். உப்புப் பாத்திகளின் வரப்புகளில் ஓடி ஓடி இரை பொறுக்கும் சிறு பறவைகளைத் தமிழில் உப்புக்கொத்தி என்பார்கள். குளிர்காலத்தில் இங்கு வருபவற்றுள் ஒன்று பெரிய மணல் உப்புக்கொத்தி. துருக்கி முதல் மங்கோலியா வரை உள்ள வறண்ட நிலங்களில் முட்டையிட்டுவிட்டு, நம் கரைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிப் போகும். கூடவே மேயும் சிறிய மணல் உப்புக்கொத்தியோடு சேர்த்துப் பார்த்தால் கனத்த அலகும் நீண்ட கால்களும் இதைக் காட்டிக் கொடுக்கும். இதன் இரண்டாம் பெயர் 'லெஷெனோல்ட்டி'.

ழான் பாப்டிஸ்ட் லெஷெனோ தெ லா தூர் 1773-இல் பிரான்சில் பிறந்த தாவரவியலாளர். 1800-இல் நிக்கோலா போதான் தலைமையில் ஆஸ்திரேலியாவை ஆராயப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்பயணத்தில் தாவரவியல் பொறுப்பு இவருடையது. அந்தப் பயணம் நோயும் சாவும் நிறைந்தது. போதானே வழியில் இறந்துபோனார். லெஷெனோவும் நோய்வாய்ப்பட்டு 1803-இல் திமோரில் இறங்கிவிட்டார். இறங்கியவர் சும்மா இருக்கவில்லை. ஜாவாவுக்குப் போய் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செடிகளையும் பறவைகளையும் சேகரித்தார். நோய் அவரைக் கப்பலிலிருந்து இறக்காமல் இருந்திருந்தால், ஜாவாவின் பல உயிரினங்கள் பாரிசைச் சென்றடைய இன்னும் காலம் பிடித்திருக்கும்.

நெப்போலியன் போர்கள் முடிந்து 1816-இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அதே ஆண்டு லெஷெனோ இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். புதுச்சேரியில் தாவரவியல் தோட்டம் அமைத்தார். ஆங்கிலேய அரசின் அனுமதியோடு சென்னை மாகாணத்திலும் வங்காளத்திலும் இலங்கையிலும் சுற்றினார். இந்தியப் பயிர்களின் விதைகளையும் கன்றுகளையும் ரீயூனியன் தீவுக்கு அனுப்பினார். 1822-இல் நாடு திரும்பும் வரை அவர் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குத் திரட்டிய உயிரினங்கள் ஏராளம். அவற்றைப் பிரித்து, வகைப்படுத்தி, பெயரிடும் வேலை பாரிசில் இருந்த மற்றவர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் நன்றி மறக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து போன ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு 1820-இல் தெமாரே இவர் பெயரை வைத்தார். வறண்ட தரையில் ஓடும் ஒரு சிறு பல்லிக்கு 1829-இல் மில்ன்-எட்வர்ட்ஸ் வைத்தார். மரப்பட்டையோடு மரப்பட்டையாக ஒட்டிக்கிடக்கும் ஒரு பல்லிக்கு 1836-இல் துமேரியும் பிப்ரோனும் வைத்தார்கள். குயில் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர்ப் பறவைக்கு 1830-இல் லெஸ்ஸோன் வைத்தார்.

மணல் உப்புக்கொத்திக்குப் பெயர் வைத்தவரும் அதே ரெனே பிரிமவேர் லெஸ்ஸோன்தான். கப்பல் மருத்துவராக உலகைச் சுற்றி வந்தவர். 1826-இல் ஓர் இயற்கை அறிவியல் அகராதியில் இந்தப் பறவையை விவரித்தபோது அது கிடைத்த இடமாக அவர் குறித்தது புதுச்சேரி. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர். ஆகவே உலகில் எங்கே இந்தப் பறவையைப் பார்த்து அடையாளம் சொன்னாலும், ஆஸ்திரேலியக் கரையானாலும் ஆப்பிரிக்கக் கரையானாலும், அந்தப் பெயரின் வேர் இந்தக் கடற்கரையில் இருக்கிறது. லெஷெனோ அதே 1826-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிசில் காலமானார்.

இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க ஒலியை நம்பக் கூடாது. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்தைக் கேட்பதுபோல, பெயரைத் தேடுகிறவர் அந்த இனத்தின் முதல் விவரிப்பைக் கேட்க வேண்டும். அறிவியல் பெயருக்குப் பின்னால் ஓர் ஆளின் பெயரும் ஆண்டும் இருக்கும். அவர் பெயரிட்டவர், பெயர் பெற்றவர் அல்லர். அந்தப் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், இனம் பின்னாளில் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பழைய பேரினப் பெயரில் தேட வேண்டும். மூல நூல் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: மாதிரி எங்கே கிடைத்தது, யார் அனுப்பினார், எழுதியவர் யாருடன் பழகினார். பழங்கால ஆசிரியர்கள் பலர் காரணம் சொல்லவே மாட்டார்கள். அக்காலத்து வாசகருக்கு அது தெரிந்த விஷயம். இருநூறு ஆண்டுகள் கழித்து வருபவர்தான் தவிக்க வேண்டியிருக்கிறது.

ஒலியை நம்பினால் எப்படிக் கவிழ்வோம் என்பதற்கு உப்பிலேயே சான்று உண்டு. செறிந்த உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களில் 'ஹாலோஃபெராக்ஸ் வால்கனி' ஆய்வகங்களில் பேர்போனது. எரிமலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சாக்கடல் செத்த கடல் அல்ல, அதில் உயிர்கள் உண்டு என்று 1930-களில் காட்டிய நுண்ணுயிரியலாளர் பெஞ்சமின் எலாசாரி வோல்கானியின் பெயர் அது.

கடலோரம் பறக்கும் பெரிய கொண்டை ஆலாவின் பெயரான 'பெர்கி' இன்னொரு வகைப் பொறி. பெர்க் என்ற யாரையோ தேடினால் கிடைக்கமாட்டார். பெர்லின் அருங்காட்சியகத்தின் லிக்டென்ஸ்டைன் 1823-இல் இந்தப் பெயரை வைத்தபோது, கார்ல் ஹைன்ரிச் பெர்கியுஸ் என்ற பெயரின் 'உஸ்' என்ற ஈற்றை லத்தீன் விகுதியாகக் கொண்டு வெட்டிவிட்டார். பெர்கியுஸ் நெப்போலியனுக்கு எதிரான போரில் குதிரைப்படையில் இருந்த பிரஷ்யர். பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பறவைகளையும் செடிகளையும் சேகரித்து பெர்லினுக்கு அனுப்பினார். 1818-இல் இருபதுகளின் இறுதியில் காசநோயால் இறந்தார். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த பெயர். வங்கக் கடலை அவர் பார்த்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் வங்கக் கடலோரம் மீனுக்காகப் பாயும் ஆலா அவரைச் சொல்கிறது.

எழுத்துப் பிழையும் தேடலைத் திசை திருப்பும். சேற்றில் துள்ளித் திரியும் மீன் ஒன்றுக்கு 1770-இல் பீட்டர் பல்லாஸ் தம் டச்சு நண்பர் பீட்டர் போடேர்ட்டின் பெயரை வைத்தார். எழுதும்போது ஓர் எழுத்து விடுபட்டது. ஆஸ்திரேலியாவின் அழகான பூச்செடிப் பேரினம் ஒன்றுக்கு 1810-இல் ராபர்ட் பிரவுன் லெஷெனோவின் பெயரை வைத்தபோதும் ஓர் எழுத்து விழுந்துவிட்டது. முதலில் அச்சானபடியே பெயர் நிற்கட்டும் என்பதுதான் பொதுவாக விதிகளின் போக்கு. பிரவுன், போதானின் பயணம் நடந்த அதே காலத்தில், இங்கிலாந்துக்காரர் அனுப்பிய கப்பலில் ஆஸ்திரேலியக் கரையில் ஆராய்ந்தவர் என்பதையும், இரு நாடுகளும் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு இந்த மரியாதையைச் செய்தார் என்பதையும் நினைத்துப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது.

உப்பளத்தின் நிறத்திலும் ஒரு மனிதர் இருக்கிறார். பாத்தியில் உப்பு செறியச் செறிய நீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று 'துனாலியெல்லா சலினா' என்ற ஒற்றைச்செல் பாசி. கடும் வெயிலிலும் கடும் உப்பிலும் அது பீட்டா கரோட்டினைக் குவித்துச் சிவக்கிறது. பிரான்சின் மோன்பெலியே நகர உப்பளங்கள் ஏன் சிவக்கின்றன என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய விவாதம் நடந்தது. நீரில் நீந்தும் ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறால்தான் காரணம் என்றார்கள் சிலர். அந்த ஊர்த் தாவரவியலாளர் மிஷேல் ஃபெலிக்ஸ் துனால் 1838-இல் நீரை நுண்ணோக்கியில் பார்த்து, பாசிதான் என்றார். இறால் சிவந்திருந்தால் அது பாசியைத் தின்றதனால். 1905-இல் ருமேனிய அறிஞர் தியோதொரெஸ்கு இந்தப் பாசிக்குத் தனிப் பேரினம் வகுத்து அதற்குத் துனாலின் பெயரை வைத்தார். இங்கே பெயர் இரண்டாம் சொல்லில் இல்லை, முதல் சொல்லிலேயே இருக்கிறது. பேரினப் பெயரில் மனிதர் ஒளிந்திருந்தால் 'இ' என்ற ஈறு உதவாது. கழியோரக் கண்டல் மரமான 'அவிசென்னியா' அப்படித்தான் மருத்துவ மேதை இப்னு சீனாவைச் சுமந்து நிற்கிறது.

ஆங்கிலப் பெயர் ஒருவரையும் அறிவியல் பெயர் வேறொருவரையும் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் தென்னிந்தியப் புல்வெளிகளுக்கும் தரிசுகளுக்கும் வரும் நெட்டைக்காலி ஒன்று ஆங்கிலத்தில் கல்கத்தா அருங்காட்சியகத்தின் எட்வர்ட் பிளித்தின் பெயரில் இருக்கிறது. அறிவியல் பெயரோ 'கோட்லெவ்ஸ்கி'. விக்டர் கோட்லெவ்ஸ்கி போலந்துக்காரர். ரஷ்யப் பேரரசுக்கு எதிரான 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கெடுத்ததற்காகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே இன்னொரு கைதியான பெனெடிக்ட் திபோவ்ஸ்கியோடு சேர்ந்து பைக்கால் ஏரியின் உயிரினங்களை ஆராய்ந்தார். அவர்கள் அனுப்பிய பறவைகளை வார்சாவில் இருந்து விவரித்த தச்சனோவ்ஸ்கி 1876-இல் இந்தப் பெயரை வைத்தார். தண்டனைக் காலத்தில் செய்த வேலைக்குக் கிடைத்த மரியாதை அது. இந்தப் பட்டியலில் இதைவிடப் பெருமையான பெயர் வேறு இல்லை என்று சொல்லலாம்.

சில பெயர்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. நன்னீர்ச் சேற்றோரம் மேயும் டெம்மின்க் கொசு உள்ளானுக்கு 1812-இல் ஜெர்மானிய மருத்துவர் லைஸ்லர் வைத்தது, பின்னாளில் லெய்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான கோன்ராட் டெம்மின்க்கின் பெயரை. அடுத்த ஆண்டே டெம்மின்க் நம் காட்டுக்கோழிக்குப் பியர் சொன்னராவின் பெயரை வைத்தார். சொன்னரா லெஷெனோவுக்கு முன்பே புதுச்சேரியில் பல ஆண்டுகள் இருந்தவர். பிச்சாவரம் கண்டல் காட்டில் உள்ள 'சொன்னரேஷியா' மரமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் இந்தச் சங்கிலிக்கு இன்னும் பழைய கண்ணி உண்டு. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். நம் வீட்டுக் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரான 'கோனிகி' இவரைக் குறிக்கிறது. தாளிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இவர் இருக்கிறார், யாருக்கும் தெரியாமல். கோனிக் 1785-இல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பதவி பேட்ரிக் ரஸ்ஸலுக்குப் போனது. அவர் கவலை பாம்புக்கடி. எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பாம்புகளைத் திரட்டிச் சோதித்தார். 1796-இல் வெளிவந்த அவருடைய பாம்பு நூலில் கண்ணாடி விரியன், 'கட்டுக ரேகுல பொட' என்ற தெலுங்குப் பெயரோடு இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ஷாவும் நாடரும் அதற்கு லத்தீன் பெயர் வைத்தபோது அது 'ரஸ்ஸெலி' ஆனது. இங்கும் ஓர் எழுத்து குறைந்தது.

அந்தத் தெலுங்குப் பெயரைச் சொன்னவர் யார், பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்பதற்குப் பெயரில் இடம் இல்லை. இந்தத் தேடலில் மனதை உறுத்துகிற இடம் இதுதான். டாக்டர் ஜெர்டான் 1847-இல் சென்னையில் வெளியிட்ட பறவை நூலின் படங்களை இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். நினைவில் நிற்பது ஜெர்டான். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தார் பிடித்து நஞ்சு எடுக்கும் நான்கு பாம்புகளில் கண்ணாடி விரியன் ஒன்று. அந்த நஞ்சிலிருந்துதான் நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பைத் தேடிக் கண்டறியும் அவர்களுடைய அறிவு தலைமுறைகளாக வந்தது. இப்படிப்பட்டவர்களின் பெயர்கள் உயிரினப் பெயர்களில் அதிகம் வர வேண்டும்; அதற்கு விதியில் எந்தத் தடையும் இல்லை.

மாற்றம் தொடங்கிவிட்டது. தேனி மாவட்ட மேகமலைப் பகுதியில் 1948-இல் பிடிபட்டு, தவறான பெயரோடு அருங்காட்சியகத்தில் கிடந்த வௌவால் ஒன்றை 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா புதிய இனமென்று கண்டு சாலிம் அலியின் பெயரை வைத்தார். 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த கோவை ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயர், மூன்று ஆண்டுகளில் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஊதாத் தவளைக்கு வந்தது. 2019-இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பல்லி ஒன்று தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரில் 'ஜானகியே' ஆனது. பெண்ணுக்கு உரிய அந்த 'ஏ' ஈறு இந்தப் பட்டியல்களில் இன்னும் அரிதாகவே தென்படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு புதுக்கதையும் உப்புக்கொத்திகளிலேயே இருக்கிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உப்பளங்களிலும் மணல்வெளிகளிலும் முட்டையிடும் ஒரு சிறு உப்புக்கொத்தியை, பரந்து பரவிய வேறோர் இனத்தின் கிளை என்றே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கருதினார்கள். இலங்கை, சீன, ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதன் மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு 2023-இல் அது தனி இனமே என்று அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் சூட்டினார்கள். மன்னார்க் கரைக்கும் இராமர் பாலத்துக்கும் பொருத்தமான பெயர். அறிவியல் பெயரில் அனுமன் இல்லை. அங்கே இருப்பது 'சீபோமி': ஷெஃபீல்டு நகர எஃகு உற்பத்தியாளர் ஹென்றி சீபோம். உப்புக்கொத்திக் குடும்பம் உலகில் எங்கெங்கு பரவியிருக்கிறது என்று தனி நூலே எழுதியவர். சைபீரிய ஆறுகளின் வழியே பறவைகளைத் தேடிப் போனவர். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1915-இல், எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட்டும் ஆனி ஜாக்சனும் இந்தப் பறவையைத் துணையினமாகப் பிரித்து அவர் பெயரை வைத்தார்கள். தனி இனமாக உயர்ந்தபோது புதிய பெயர் வைக்க விதி இடம் தரவில்லை: முன்பே வைத்த பெயர் செல்லும். அதன் பேரினப் பெயரை வகைப்பாட்டாளர்கள் அண்மையில் மாற்றியும்விட்டார்கள். லெஷெனோவின் மணல் உப்புக்கொத்திக்கும் அதே கதிதான். இரண்டுக்கும் முதல் சொல் மாறியது, இரண்டாம் சொல் மாறவில்லை. சீபோமைத் தேடுகிறவர் 2023-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிற்காமல் 1915-க்குப் போக வேண்டும். அங்கே ஆனி ஜாக்சன் என்ற பெண்ணின் பெயரும் கிடைக்கும், பறவையின் பெயருக்குப் பக்கத்தில், பெயரிட்டவராக.